லீக் முதலிடமும் மலேசியக் கிண்ணமும்: ஒன்று மற்றொன்றை முன்னறிவிக்கிறதா?

பல மாதங்கள் நீடிக்கும் லீக் தொடரில், அதாவது எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதிப் புள்ளிகளைச் சேர்க்கும் போட்டியில், முதலிடம் பெறும் அணியே பருவத்தின் இறுதியில் நடைபெறும் நாக்-அவுட் சுற்றிலும், அதாவது தோற்ற அணி உடனே வெளியேறிவிடும் ஆட்டமுறையிலும், வாகை சூடுமா என்பது தொழில்முறை விளையாட்டு குறித்து ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்வியாகும். வட அமெரிக்கப் பனி ஹாக்கியைக் கொண்டும் இக்கேள்வி விவாதிக்கப்படுகிறது என்றாலும், அதை ஆராய்வதற்கு மலேசியக் காற்பந்து அளவுக்குப் பொருத்தமான களம் ஆசியாவில் அரிது. இங்கே லீக் பட்டமும் மலேசியக் கிண்ணமும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பருவத்தில், பெரும்பாலும் அதே அணிகளுக்கிடையே, தனித்தனிப் பரிசுகளாக வழங்கப்பட்டு வந்துள்ளன. அவ்விரண்டும் எத்தனை முறை ஒரே கையில் சேர்ந்தன, எத்தனை முறை பிரிந்தன என்பதை எண்ணிப் பார்ப்பதோடு, பிரிந்ததற்கான காரணத்தையும் தேட முடிகிறது.

1921 இல் எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் வழங்கிய மலாயாக் கிண்ணத்தில் தொடங்கிய இப்போட்டி, 1967 இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. அதுவரையிலும் அதற்குப் பின்னரும் மாநில அணிகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு ஏதுமில்லை. 1979 இல் தேசிய அளவிலான லீக் தொடங்கப்பட்டபோதும், கிண்ணத்தின் நாக்-அவுட் சுற்றுக்குத் தகுதிபெறும் அணிகளைத் தேர்ந்தெடுப்பதே அதன் வேலையாக இருந்தது. வட அமெரிக்க ஹாக்கியில் வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுக்கும் உள்ள உறவு இதுவேயாகும். புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கும் ஒரு கோப்பை தரப்பட வேண்டும் என்னும் முடிவு 1982 இல்தான் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1989 இல் பகுதிநேரத் தொழில்முறை லீக்கும், 1994 இல் முழுநேரத் தொழில்முறை லீக்கும், 2004 இல் இன்றைய சூப்பர் லீக்கும் உருவாயின.

1982 முதல் 2024-25 வரை, பெருந்தொற்றால் கிண்ணப் போட்டி கைவிடப்பட்ட 2020 ஐ நீக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டு பரிசுகளும் வழங்கப்பட்ட பருவங்கள் 42 ஆகும். அவற்றுள் லீக் வெற்றியாளரே மலேசியக் கிண்ணத்தையும் வென்றவை 14. மூன்றில் ஒரு பங்கு என்னும் இவ்விகிதத்தைக் கண்டதும், லீக் முதலிடத்துக்கும் கிண்ணத்துக்கும் தொடர்பில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. அம்முடிவு தவறானது; ஏனெனில் ஒரு விகிதம் பெரியதா சிறியதா என்பது அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. காலிறுதியில் நிற்கும் எட்டு அணிகளுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்தால் அது வாகை சூடும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பதினாறு அணிகள் கலந்துகொள்ளும்போது அது பதினாறில் ஒன்றாகக் குறையும். இதனோடு வைத்துப் பார்க்கும்போது மூன்றில் ஒன்று என்பது மிக உயர்ந்த விகிதமாகும். இறுதியாட்டத்தை எட்டியவற்றையும் சேர்த்தெண்ணினால் படம் இன்னும் தெளிவாகிறது. கிண்ணத்தை வென்ற 14 லீக் வெற்றியாளர்களைத் தவிர, 1995 இல் பகாங், 1996 இல் சபா, 2005 இல் பெர்லிஸ், 2005-06 இல் நெகிரி செம்பிலான், 2014 இலும் 2021 இலும் ஜொகூர் டாருல் தக்ஸிம் என ஆறு லீக் வெற்றியாளர்கள் இறுதியாட்டத்தில் தோற்றுள்ளனர். ஆக, ஏறத்தாழப் பாதிப் பருவங்களில் லீக் வெற்றியாளர் இறுதியாட்டம் வரை வந்திருக்கிறார்.

எனினும் இந்த மூன்றில் ஒன்று என்னும் விகிதம் எல்லாக் காலத்துக்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. லீக் தகுதிச் சுற்றாகவே கருதப்பட்ட 1982-1988 ஆண்டுகளின் ஏழு பருவங்களில், 1984 இல் சிலாங்கூரும் 1988 இல் கோலாலம்பூரும் மட்டுமே இரண்டையும் வென்றன. பகுதிநேரத் தொழில்முறைக் காலத்தின் ஐந்து பருவங்களில் ஜொகூர் (1991), பகாங் (1992), கெடா (1993) என அடுத்தடுத்து மூன்று அணிகள் இரட்டைப் பரிசு பெற்றன. 1994 இல் சிங்கப்பூர் இரண்டையும் வென்றுவிட்டு மலேசியப் போட்டிகளிலிருந்தே விலகிக்கொண்டது. அதற்குப் பின் 1995 முதல் 2005-06 வரை தொடர்ந்து பன்னிரண்டு பருவங்களில் எந்த லீக் வெற்றியாளரும் கிண்ணத்தைத் தொடவில்லை. அந்நீண்ட இடைவெளியை 2006-07 இலும் 2007-08 இலும் கெடா முடித்துவைத்தது. அடுத்து 2012 இல் கிளந்தான் அதைச் செய்தது. பின்னர் வந்தவை அனைத்தும் ஜொகூர் டாருல் தக்ஸிம் அணியினுடையவை.

இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குள்தான் பினாங்கு அணியின் மூன்று லீக் பட்டங்களுள் இரண்டு அடங்கியுள்ளன. அதைத் தனியே எடுத்துப் பேசுவது பொருத்தமாகும், ஏனெனில் இக்கேள்விக்கு அதைவிட முழுமையான எடுத்துக்காட்டு நாட்டில் வேறில்லை. பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. அந்நான்கும் தேசிய லீக் தோன்றுவதற்கு முற்பட்டவை. லீக்கை அது 1982, 1998, 2001 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றது. அம்மூன்றிலும் கிண்ணம் வேறிடம் சென்றதோடு, பினாங்கு இறுதியாட்டத்தைக்கூட எட்டவில்லை. 1982 இல் சிலாங்கூர் திரங்கானுவை வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்துச் சென்றது. 1998 இல் பேரா, திரங்கானுவைப் பெனால்டி உதைகளில் வென்றது. 2001 இல் அதே பேராவைத் திரங்கானு 2-1 என்று வென்று கிண்ணத்தைப் பெற்றது. ஆகவே, தீவிலும், படகுத்துறையை ஒட்டிய பாகான் டாலாம் முதல் பத்து கவான் அரங்கம் வரையிலான பெருநிலத்திலும் பினாங்குக் காற்பந்தைத் தலைமுறைகளாகப் பின்தொடர்வோர்க்கு, இரண்டு பரிசுகளும் இரண்டு வேறு காலங்களுக்குரியவையாகவே அமைந்துவிட்டன.

1982 இன் பட்டம் இவற்றுள் குறிப்பாகச் சிந்திக்கத்தக்கது. லீக் முதலிடத்துக்கென்று ஒரு கோப்பை முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டு அது. அதைப் பெற்ற முதல் அணி பினாங்கு. இருந்தும், லீக் என்பது கிண்ணத்துக்குப் போகும் வழி என்று மட்டுமே கருதப்பட்ட அன்றைய மனநிலையில், அவ்வெற்றி தகுதிச் சுற்றில் கிடைத்த முதலிடமாகவே எண்ணப்படும் நிலை இருந்தது. ஒரு பருவம் முழுவதும், சொந்த மண்ணிலும் வெளியூரிலும், மழைக்காலத்திலும் நோன்புக் காலத்திலும், காயமுற்ற ஆட்டக்காரர்களுக்கு மாற்று தேடியபடியே ஏனைய எல்லா மாநிலங்களையும் பின்னுக்குத் தள்ளிய அணியின் உழைப்பு, மூன்று நான்கு ஆட்டங்களின் முடிவால் மறைக்கப்படுவது நியாயமற்றது என்றே கூற வேண்டும்.

இதற்கு நேர்மாறான திசையிலும் சான்றுகள் உள்ளன. சிலாங்கூர் 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் தொடர்ந்து கிண்ணத்தை வென்றபோது, லீக் பட்டம் முறையே பகாங், சபா, சரவாக் ஆகியவற்றுக்குப் போயிற்று. 2003 இல் எம்பிபிஜே சிலாங்கூர் கிண்ணத்தை வென்றதே, மாநில அணியல்லாத கழகம் ஒன்று அதைப் பெற்ற முதல் நிகழ்வாகும். எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது 2005 ஆகும். அவ்வாண்டில் சிலாங்கூர் சூப்பர் லீக்கில் இடம்பெறவே இல்லை. அதற்கு அடுத்த நிலையான பிரீமியர் லீக்கில்தான் ஆடிக்கொண்டிருந்தது. இந்தோனேசியாவின் பம்பாங் பமுங்காஸ், எலி ஐபோய் ஆகியோரைக் கொண்டிருந்த அவ்வணி, இரண்டாம் நிலை லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்று, மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சூப்பர் லீக் வெற்றியாளரான பெர்லிசை 3-0 என்று வீழ்த்தியது. புள்ளிப்பட்டியல் என்பது அணிகளின் உண்மையான வலிமையை எப்போதும் முழுமையாகக் காட்டுவதில்லை என்பதற்கும், சென்ற பருவத்தின் சரிவால் கீழ் நிலையில் ஆடும் அணி இப்பருவத்தில் மேல்நிலை அணிகளைவிட வலியதாக இருக்கக்கூடும் என்பதற்கும் இது தக்க சான்று. 2010 இலும் இத்தகைய பிரிவைக் காணலாம்: பயிற்றுநர் கே. தேவனின் சிலாங்கூர் லீக்கை வென்றது, பி. சத்தியநாதன் பயிற்றுவித்த கிளந்தான் கிண்ணத்தை வென்றது.

இப்பிரிவுகளுக்கெல்லாம் தனித்தனிக் கதைகளைத் தேடுவதற்கு முன், எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு லீக்கில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடைபெறும்போது, கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்து, தவறான பெனால்டித் தீர்ப்பு, முன்கூட்டிக் கிடைத்த சிவப்பு அட்டை ஆகியவற்றின் விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. நாக்-அவுட் சுற்றிலோ அவற்றுக்கு ஈடு கிடைப்பதற்கு அடுத்த வாரம் என்று ஒன்றில்லை. எந்த எதிரணியையும் பத்துக்கு ஏழு முறை வெளியேற்றக்கூடிய, மிக வலிய அணி ஒன்று காலிறுதி, அரையிறுதி, இறுதியாட்டம் ஆகிய மூன்றையும் கடப்பதற்கான வாய்ப்பு, 0.7 ஐ மூன்று முறை பெருக்கினால் கிடைக்கும் 34 விழுக்காடுதான். மலேசியக் கிண்ண வரலாறு தரும் 33 விழுக்காட்டுக்கு இது மிக நெருக்கமாக இருப்பது கவனிக்கத்தக்கது. குழுச் சுற்றுகளும் பதினாறு அணிச் சுற்றுகளும் இடையிடையே வந்து போனதால் இவ்வொப்பீட்டை இம்மி பிசகாத அளவீடாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் லீக் வெற்றியாளர்கள் கிண்ணத்தில் தோற்றதற்கு மெத்தனத்தையோ மனவலிமைக் குறைவையோ காரணமாகக் கூறும் வழக்கத்துக்கு இது போதிய மறுப்பாகும். மிகச் சிறந்த அணியும் மூன்றுக்கு இரண்டு முறை தோற்பதே இவ்வாட்டமுறையின் இயல்பு.

வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் பதிவுகள் இதே படிப்பினையை வேறு அளவில் தருகின்றன. அங்கே பெரும்பாலான பருவங்களில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. பின்னர் பதினாறு அணிகள் ஸ்டான்லி கிண்ணத்துக்காக நான்கு சுற்றுகளில் மோதுகின்றன. ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டங்கள் வரை நீளக்கூடியது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி முன்னேறும். வழக்கமான பருவத்தில் அதிகப் புள்ளி பெறும் அணிக்கு 1985-86 முதல் பிரெசிடெண்ட்ஸ் டிராஃபி வழங்கப்படுகிறது. 2024-25 வரை அதைப் பெற்ற 39 அணிகளுள் எட்டு மட்டுமே ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றன. 1995-96 இல் 62 ஆட்டங்களை வென்ற டெட்ராய்ட் இறுதிச் சுற்றுக்கு முன்னரே வெளியேறியது. 2018-19 இல் அதே 62 வெற்றிகளைப் பெற்ற டாம்பா பே, முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களையும் பறிகொடுத்தது. 2022-23 இல் 65 வெற்றிகள், 135 புள்ளிகள் என்னும் புதிய உச்சத்தைத் தொட்ட பாஸ்டன், முதல் சுற்றில் 3-1 என்று முன்னிலை பெற்றிருந்தும் ஃபுளோரிடாவிடம் வீழ்ந்தது. மறுபுறம், 2012 இல் தனது பிரிவின் எட்டாம் இடத்தில் தகுதிபெற்ற லாஸ் ஏஞ்சலஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

ஒரு சுற்றுக்கு ஏழு ஆட்டங்கள் வரை இருக்கும்போது வலிய அணிக்கு இது கூடுதல் பாதுகாப்பு அன்றோ என்று கேட்கலாம். பாதுகாப்பு உண்டு; ஆனால் சிறிதே. ஒவ்வோர் ஆட்டத்தையும் 60 விழுக்காடு வாய்ப்போடு ஆடும் அணி ஒரு சுற்றைக் கடக்கும் வாய்ப்பு 71 விழுக்காடாக உயர்கிறது; நான்கு சுற்றுகளையும் கடக்கும் வாய்ப்போ 25 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. இதோடு ஹாக்கிக்கே உரிய இயல்புகளும் சேர்கின்றன. ஓர் ஆட்டத்தில் விழும் கோல்கள் சில. இலக்கை நோக்கி வரும் அடிகளுள் பத்தில் ஒன்பதைத் தடுப்பது கோல்காவலரின் வழக்கமான வேலை என்பதால், இரண்டு வாரங்கள் சிறப்பாக நிற்கும் ஒரு கோல்காவலர் ஒரு சுற்றின் முடிவையே மாற்றிவிட முடியும். வழக்கமான பருவத்தில் சமநிலை ஏற்பட்டால் கோல்காவலரைத் தவிர அணிக்கு மூவர் மட்டும் ஆடும் கூடுதல் நேரமும், அதன் பின் தனித்தனி அடிகளும் முடிவைத் தீர்மானிக்கின்றன. பிளேஆஃப் சுற்றிலோ முழு அணியும் கோல் விழும்வரை ஆடியாக வேண்டும். ஆகவே 82 ஆட்டங்களில் சேர்ந்த புள்ளிகள், ஓரளவு வேறான விளையாட்டு ஒன்றில் சேர்ந்தவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பிரிவினை மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. 2005-06 முதல் அந்த லீக்கில் சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகைக்கு ஒரு மேல் எல்லை, நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய 19 பருவங்களில் ஆறு முறை முதலிட அணி கிண்ணத்தை வென்றது. அதற்குப் பிந்தைய 20 பருவங்களில் 2008 இல் டெட்ராய்ட், 2013 இல் சிகாகோ என இரண்டு முறை மட்டுமே வென்றது. எண்ணிக்கை சிறிது என்பதால் உறுதியான முடிவுக்கு வர இயலாதெனினும், அணிகளுக்கிடையிலான வலிமை இடைவெளி குறையும்போது முதலிடத்தின் முன்னறிவிக்கும் ஆற்றலும் குறைகிறது என்னும் கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

அதே கருத்தின் மறுபக்கத்தை ஜொகூர் காட்டுகிறது. 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து பதினொரு லீக் பட்டங்களை வென்ற ஜொகூர் டாருல் தக்ஸிம், பணத்திலும் பயிற்சி வசதியிலும் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையிலும் ஏனைய மலேசிய அணிகளை விட்டு வெகுதூரம் முன்னேறிய கழகம். அத்தகைய அணிக்கும் கிண்ணம் எளிதில் வசப்படவில்லை. 2014 இறுதியாட்டத்தில் பகாங்கிடம் பெனால்டியில் தோற்றது. 2015 இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கிண்ணத்தையே வென்ற அவ்வணியால் அதே ஆண்டின் மலேசியக் கிண்ணத்தை வெல்ல முடியவில்லை. சிலாங்கூர் அதைத் தனது 33 ஆவது கிண்ணமாகப் பெற்றது. 2021 இறுதியாட்டத்தில் கோலாலம்பூர் சிட்டி 2-0 என்று ஜொகூரை வீழ்த்தியது. முதல் ஏழு வாய்ப்புகளில் 2017, 2019 என இரண்டு முறை மட்டுமே இரட்டைப் பரிசு பெற்ற அவ்வணி, 2022, 2023, 2024-25 என அடுத்த மூன்றையும் தொடர்ந்து பெற்றிருக்கிறது. இடைவெளி போதிய அளவு விரிந்துவிட்டால் நாக்-அவுட் சுற்றின் நிச்சயமின்மைகூட மங்கிவிடும் என்பதே இதன் பொருள். காற்பந்தின் நலனுக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. நல்லதன்று என்றே கருத வேண்டியுள்ளது. லீக் முதலிடம் கிண்ணத்தை நூற்றுக்கு நூறு முன்னறிவிக்கும் நாளில், கிண்ணப் போட்டியை நடத்துவதற்கே காரணம் இராது.

ஆட்டமுறையை மாற்றுவதாலும் முன்னறிவிப்பு மாறும் என்பதற்குத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஐபிஎல் கிரிக்கெட் சான்று தருகிறது. 2008 முதல் 2025 வரையிலான 18 பருவங்களில் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற அணி ஆறு முறை மட்டுமே பட்டம் வென்றது; இதுவும் மூன்றில் ஒன்றுதான். சென்னை சூப்பர் கிங்ஸ் பட்டம் வென்ற ஐந்து ஆண்டுகளில் ஒன்றில்கூட அது முதலிடத்தில் இருக்கவில்லை. முதலிடம் பெற்ற 2013 இலும் 2015 இலும் இறுதியாட்டத்தில் மும்பையிடம் தோற்றது. ஆனால் 2011 முதல், முதல் இரண்டு இடங்களைப் பெறும் அணிகளுக்கு ஒரு தோல்விக்குப் பின்னரும் மறுவாய்ப்பு தரும் பிளேஆஃப் முறை கையாளப்படுகிறது. அதன்பின் வந்த 15 பருவங்களில் 14 இல் பட்டம் முதல் இரண்டு இடங்களுள் ஒன்றில் இருந்த அணிக்கே கிடைத்தது. மூன்றாம் இடத்திலிருந்து வென்றது 2016 இன் ஹைதராபாத் மட்டுமே. முதலிடத்தை முன்னறிவிப்பாகக் கொண்டால் பலவீனமாகத் தோன்றும் அதே புள்ளிப்பட்டியல், முதல் இரண்டு இடங்களை அலகாகக் கொண்டால் மிக வலிமையானதாகிவிடுகிறது. நீண்ட தொடரில் உழைத்த அணிக்குரிய மதிப்பை நாக்-அவுட் சுற்றுக்குள்ளேயே வழங்க ஏற்பாட்டாளர்களால் இயலும் என்பதும் இதனால் விளங்குகிறது.

மலேசியாவிலேயே, பனியில் அன்றிக் களத்தில் ஆடப்படும் ஹாக்கிக்கான லீக், லீக் பட்டத்தையும் பருவ இறுதியில் நடைபெறும் டிஎன்பி கிண்ணத்தையும் தனித்தனியே வழங்கி, இரண்டு வெற்றிகளுக்கும் தனித்தனி மதிப்பளித்து வருகிறது. வட அமெரிக்க ஹாக்கியில் பிரெசிடெண்ட்ஸ் டிராஃபி தரப்பட்டாலும், அங்கேயும் ஐபிஎல்லிலும் முதலிடம் தனிப் பட்டமாகக் கருதப்படுவதில்லை. அங்கே முதலிடம் பெற்று இறுதியில் தோற்ற அணி, வெற்றியாளர் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. மலேசியக் காற்பந்தில் இரண்டு பட்டியல்களும் உள்ளன என்பதும், ஆசியப் போட்டிகளுக்கான வாய்ப்பில் லீக் வெற்றியாளருக்கு முதன்மை தரப்படுகிறது என்பதும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் மாநில அணிகளின் பெருமையைக் கிண்ணங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவ்வளவுகோலின்படி பினாங்கின் வரலாறு 1974 இல் பேராவை 2-1 என்று வென்றதோடு நின்றுவிடுகிறது. லீக்கையும் சேர்த்து அளந்தால் அது 1982, 1998, 2001 என்று மேலும் 27 ஆண்டுகள் நீள்கிறது. எது மிகச் சிறந்த அணி என்னும் கேள்விக்கு அதிக எண்ணிக்கையிலான ஆட்டங்களின் சான்றைத் தருவது லீக்தான் என்பதால், அம்மூன்று ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த அணியாக விளங்கியது பினாங்கே என்று எழுதுவதற்கு, அவ்வாண்டுகளின் இறுதியாட்ட முடிவுகள் எதுவும் தடையாக இல்லை.